‘சிடுமூஞ்சி’: சொல்லமைப்பும் தொடர்வழக்கும்
(கொல்கத்தா லேக் மார்க்கெட் தமிழ்ச் சூழலை முன்வைத்து)

1. முன்னுரை

ஒரு மொழியைக் கற்போர் வசைச் சொற்களின் பொருளை விரைவில் அறிந்துகொள்வர். அவற்றைத் தொடரில் அமைக்கும் முறையை அவ்வளவு விரைவில் அறிவதில்லை. ‘சிடுமூஞ்சி’ என்றால் எப்போதும் எரிச்சல் காட்டுபவர் என்று அகராதியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். யாரை, யார், எந்த வினைமுற்றோடு சேர்த்து அவ்வாறு கூறலாம் என்பதைத் தொடர்களே கற்பிக்க வேண்டும். எரிச்சல் இயல்பினரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் ‘சிடுமூஞ்சி’யை மையமாகக் கொண்டு, அதன் சொல்லமைப்பு, தொடரமைப்பு, வழங்கும் சூழல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்விளக்கத்திற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதி பொருத்தமான களமாகும். தென்கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி அமைந்த இப்பகுதி, ஆங்கிலேயர் காலத்திலிருந்து அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாற்ற வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்த இடமாகும். முன்பு டாக்குரியா ஏரி எனப்பட்ட ரவீந்திர சரோவர் இதன் அருகில் உள்ளது. வாழையிலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காப்பித் தூளும் கட்டிய பூச்சரமும் இப்பகுதிக் கடைகளில் கிடைக்கும். பழைய சந்தை இருந்த இடத்தில் இன்று பலமாடி வணிக வளாகம் எழுந்துள்ளது. இங்கு வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலமும் மொழிகளாகின்றன. வசையும் கேலியும் பாடநூலில் இடம்பெறாத சொற்கள். அவை வீட்டு வழக்கின் வழியாகவே தலைமுறை கடக்கின்றன. வீட்டு வழக்குச் சுருங்கும்போது முதலில் தேய்வது சொல் அன்று, சொல்லை ஆளும் நுட்பமே. எனவே அந்நுட்பத்தை வரையறுத்துக் கூறுவது தேவையாகிறது.

இங்கு இடம்பெறும் எடுத்துக்காட்டுத் தொடர்கள், வழக்கில் இயல்பாக நிகழக்கூடியவை என்ற அடிப்படையில் அமைக்கப்பட்டவை. உடுக்குறி (*) இடப்பட்ட தொடர்கள் வழக்கிற்கு ஒவ்வாதவை.

2. சொல்லமைப்பு

2.1. ‘மூஞ்சி’ என்னும் உறுப்பு

‘சிடுமூஞ்சி’ என்பது சிடுசிடுத்த முகத்தை மட்டும் குறிக்காமல் அம்முகத்தை உடையவரைக் குறிக்கிறது. ஆதலின் இது மரபிலக்கணம் கூறும் அன்மொழித்தொகையின் பாற்படும். இதே அமைப்பில் அழுமூஞ்சி, தூங்குமூஞ்சி, உம்மணாமூஞ்சி ஆகியன வழங்குகின்றன. இவை யாவும் குறை கூறும் சொற்களே. மலர்ந்த முகம், இன்முகம் என நல்லியல்பைச் சுட்டுமிடத்து ‘முகம்’ வருகிறது, ‘மூஞ்சி’ வருவதில்லை. *சிரிமூஞ்சி என்றொரு சொல் தமிழில் அமையவில்லை. ஆகவே இகழ்ச்சிப் பொருள் ‘சிடு’ என்னும் முதலுறுப்பில் மட்டுமின்றி, ‘மூஞ்சி’ என்னும் இரண்டாம் உறுப்பிலும் அடங்கியுள்ளது எனலாம்.

இத்தொகைகள் நன்கு நிலைபெற்ற பெயர்கள் என்பதற்குத் தூங்குமூஞ்சி மரம் சான்றாகும். மாலையில் இலைகளை மூடிக்கொள்ளும் மழைமரத்திற்குத் தமிழர் இட்ட பெயர் இது. மனிதரைச் சுட்டிய தொகைப்பெயர் மரத்திற்கும் இவ்வாறு ஆகிவந்துள்ளது.

2.2. ‘சிடு’ என்னும் உறுப்பு

அழுமூஞ்சி, தூங்குமூஞ்சி ஆகியவற்றின் முதலுறுப்புகள் அழு, தூங்கு என்னும் வினையடிகள். அவை தனித்தும் வழங்கும். ‘சிடு’ என்பதோ இக்காலத் தமிழில் தனிவினையாக வழங்குவதில்லை. அவன் *சிடுத்தான் என்று கூறுவதில்லை. சிடுசிடுத்தான் என்றே கூறுகிறோம். சூடான எண்ணெயில் நீர் தெறிக்கும்போது எழும் ஓசையைக் குறிக்கவும் ‘சிடுசிடு’ வருவதுண்டு. ஓசைக்குறிப்பு மனக்குறிப்பாக விரிந்தது எனக் கொள்ள இது இடம் தருகிறது.

இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ‘சிடுமூஞ்சி’யில் அக்கிளவியின் ஒரு பாதி மட்டும் வந்துள்ளது. இதனை விதிக்கு மாறானதாகக் கொள்ள வேண்டியதில்லை. இங்கும் ‘சிடு’ தனிச்சொல்லாக நிற்கவில்லை. தொகையின் உறுப்பாகவே நின்று, முழுக்கிளவியின் பொருளைத் தாங்குகிறது. அழுமூஞ்சி, தூங்குமூஞ்சி என்பவற்றின் ஒப்புமையால் இது உருவாகியிருக்கலாம். கடுகடு, வெடுவெடு ஆகியனவும் எரிச்சலைக் குறிக்கும் இரட்டைக்கிளவிகளே. ஆயினும் *கடுமூஞ்சி, *வெடுமூஞ்சி என்பன ஆட்பெயர்களாக நிலைபெறவில்லை.

3. ஒருபொருட் சொற்களும் வேறுபாடுகளும்

எரிச்சல் இயல்பினரைக் குறிக்கும் சொற்கள் ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எளிதில் வைக்க இயலாது.

சிடுமூஞ்சி: எரிச்சலைச் சொல்லாலும் முகத்தாலும் காட்டுபவர். சிறிய கேள்விக்கும் கடுமையாக விடை தருபவர்.

உம்மணாமூஞ்சி: எரிச்சலை அல்லது மனக்குறையைப் பேசாமையால் காட்டுபவர். இவரிடம் கடுஞ்சொல் இல்லை, சொல்லே இல்லை.

முன்கோபி: சினம் விரைந்து எழுபவர். எழுந்த வேகத்தில் அது தணிவதும் உண்டு.

முசுடு: எளிதில் அணுக இயலாதவர், எதற்கும் இணங்காதவர். முயிறு, முசிறு, முசுறு என வழங்கும் செவ்வெறும்பின் பெயரோடு இச்சொல் ஒலியால் நெருங்கி நிற்கிறது. மரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டி, தொட்டவரைக் கடிக்கும் அவ்வெறும்பின் இயல்பு, பொருள் விரிவுக்கு ஏற்றதாகவே உள்ளது.

கடுவன் பூனை: உவமையால் வந்த ஆட்பெயர். ‘கடுவன்’ என்பதைத் தொல்காப்பிய மரபியல் ஆண்பாற் பெயர்களுள் ஒன்றாக வைத்துள்ளது. பேச்சு வழக்கில் இது பெரும்பாலும் ஆடவரையே சுட்டும்.

இவ்வேறுபாட்டை ‘ஆனால்’ என்னும் இணைப்புச் சொல்லைக் கொண்டு சோதித்தறியலாம்.

(1) அவர் முன்கோபி. ஆனால் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார்.
(2) அவர் உம்மணாமூஞ்சி. ஆனால் கேட்ட உதவியைச் செய்துவிடுவார்.
(3) அவர் சிடுமூஞ்சி. ஆனால் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார்.

முதல் தொடர் இயல்பாக ஒலிக்கிறது. முன்கோபம் விரைந்து தணிவது என்னும் எண்ணம் சொல்லிலேயே இருப்பதால் தொடரின் பிற்பகுதி அதற்கு இசைகிறது. இரண்டாம் தொடரும் பொருந்துகிறது. பேசாமை வேறு, உதவாமை வேறு. மூன்றாம் தொடர் இலக்கணப் பிழை அன்று. எனினும் கேட்பவர் அதனை ஏற்கச் சற்றுத் தயங்குவர். சிடுமூஞ்சி என்னும் சொல் தணிவுக்கு இடம் வைக்கவில்லை என்பதே தயக்கத்தின் காரணம்.

4. தொடரமைப்பு

4.1. பாலும் மரியாதையும்

கோபக்காரன், கோபக்காரி, கோபக்காரர் எனக் ‘கோபக்கார’ என்னும் அடி பால் விகுதியும் மரியாதை விகுதியும் ஏற்கும். ‘சிடுமூஞ்சி’ இவற்றுள் எதனையும் ஏற்பதில்லை. ஆகவே பால் வேறுபாட்டையும் பேசுவோரின் மனநிலையையும் வினைமுற்றே காட்டவேண்டியுள்ளது.

(4) அந்தச் சிடுமூஞ்சி வந்தான்.
(5) அந்தச் சிடுமூஞ்சி வந்தாள்.
(6) அந்தச் சிடுமூஞ்சி வந்தது.
(7) அந்தச் சிடுமூஞ்சி வந்தார்.

(4), (5) ஆகியன இகழ்ச்சித் தொடர்கள். (6) அஃறிணை முடிபு கொண்டது. அயலாரைப் பற்றிக் கூறினால் இகழ்ச்சி மிகும்; வீட்டுக் குழந்தையைப் பற்றிக் கூறினால் செல்லமாகும். (7) சொல்லும் முடிபும் முரண்பட்ட தொடர். பெயர் இகழ, வினை மதிக்கிறது. எனவே எள்ளலாக மட்டுமே அதனைக் கொள்ள இயலும்.

விளியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘அடி சிடுமூஞ்சி’ என்று அக்காள் தங்கையை அழைத்தால் அது கேலி. பெரியவர் ஒருவரை நேரில் அவ்வாறு விளிப்பதற்கு வழக்கில் இடமில்லை. முதியவரின் சினத்தைக் குறிப்பிட வேண்டின் தமிழர் ‘துர்வாசர்’ என்னும் புராணப் பெயரை நாடுவர். அப்பெயரில் மரியாதை விகுதி ஏற்கனவே அமைந்துள்ளது. சினமும் முனிவரின் சினமாக உயர்ந்துவிடுகிறது.

4.2. காலம், காரணம், இலக்கு

‘சிடுமூஞ்சி’ என்னும் பெயருக்கும் ‘சிடுசிடு’ என்னும் வினைக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் மையமாகும். பின்வரும் இணைகளை ஒப்பிடலாம்.

(8அ) அம்மா இன்று சிடுசிடுக்கிறாள்.
(8ஆ) *அம்மா இன்று சிடுமூஞ்சி.

(9அ) வெயிலில் அலைந்து வந்ததால் அப்பா சிடுசிடுத்தார்.
(9ஆ) *வெயிலில் அலைந்து வந்ததால் அப்பா சிடுமூஞ்சி.

(10அ) அவர் கடைக்காரரிடம் சிடுசிடுத்தார்.
(10ஆ) *அவர் கடைக்காரரிடம் சிடுமூஞ்சி.

வினை மூன்று செய்திகளை ஏற்கிறது: எப்போது, எதனால், யாரிடம். பெயர் இம்மூன்றையும் ஏற்பதில்லை. எரிந்து விழு, வள்ளென்று விழு, சீறி விழு முதலிய கூட்டுவினைகளும் ‘சிடுசிடு’வைப் போன்றே காலமும் காரணமும் இலக்கும் ஏற்பன. அவை ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன; ‘சிடுமூஞ்சி’யோ ஒருவரின் இயல்பைக் கூறுகிறது.

இதற்கு மறுப்பாக ஒரு தொடரைக் காட்டலாம்.

(11) நெடுநாள் நோயால் அவர் சிடுமூஞ்சியாகிவிட்டார்.

இங்குக் காரணம் வந்துள்ளது. ஆயினும் அக்காரணத்தை ஏற்றது ‘ஆகு’ என்னும் வினையே. இத்தொடர் ஓர் இயல்பு எவ்வாறு வந்தது என்பதை விளக்குகிறது. வந்த இயல்பு இன்று நிலைத்துவிட்டது என்னும் கருத்து மாறவில்லை. ‘சிடுமூஞ்சித்தனம்’ எனத் ‘தனம்’ விகுதி சேர்ந்து பண்புப்பெயராகும்போது இந்நிலைபேறு மேலும் உறுதிப்படுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளியை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு நிலைக்களன்களை அதற்கு வகுத்தது. சினம் ஏதேனும் ஒன்றன் பொருட்டுத் தோன்றுவது என்பது அந்நூலின் கொள்கை. ‘சிடுமூஞ்சி’ என்னும் சொல் நிலைக்களனைக் கூறாமல் சினத்தை மட்டும் ஒருவர் மேல் ஏற்றுகிறது. இச்சொல் கேட்பவரைப் புண்படுத்துவதன் காரணம் இதுவே. சிடுசிடுத்தாய் என்றால் ‘ஏன் தெரியுமா’ என்று விடை சொல்ல வாய்ப்புண்டு. சிடுமூஞ்சி என்றால் அவ்வாய்ப்பு இல்லை.

5. வங்காளத்தோடு ஒப்பீடு

லேக் மார்க்கெட் தமிழ்க் குழந்தை நாள்தோறும் கேட்கும் வங்காளத்திலும் இச்சொற்புலம் வளமானது. ‘கிட்கிட்டே’ என்பது எரிச்சல் இயல்பைக் குறிக்கும் பெயரடை. இது ‘சிடுசிடு’ போன்றே இரட்டித்து வரும் ஒலிக்குறிப்பின் அடியாகத் தோன்றியது. வங்காளத்தின் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களை இரவீந்திரநாத் தாகூர் தனிக் கட்டுரையில் ஆராய்ந்தார். அது 1909இல் வெளிவந்த அவரது ‘சப்ததத்வ’ நூலில் உள்ளது. இந்திய மொழிக் குடும்பங்கள் பலவற்றிற்கும் ஒலிக்குறிப்புச் சொற்கள் பொதுவாக இருப்பதை எம்.பி. எமனோ 1969இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். எனவே ‘சிடுசிடு’வும் ‘கிட்கிட்டே’யும் இனத்தால் வேறாயினும் அமைப்பால் உறவுடையன.

‘கோம்டாமுகோ’ என்பது உம்மென்ற முகத்தை உடையவரைக் குறிக்கும் தொகை. இது ‘மூஞ்சி’த் தொகைகளைப் போன்றே உறுப்பின் பெயரால் ஆளைச் சுட்டுகிறது. ‘ரொக்சொட்டா’ என்பது விரைவில் சினம் கொள்பவரைக் குறிப்பதால் முன்கோபிக்கு நெருக்கமானது. 1923இல் வெளிவந்த சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ நூலில் வரும் ‘ராம்கொருடேர் சானா’ என்னும் சிரிக்காத உயிரினத்தின் பெயர், சிரிப்பறியாத மனிதருக்குப் பட்டப்பெயராக வங்காளிகளிடையே வழங்குகிறது. ‘துர்வாசர்’ இரு மொழியினருக்கும் பொதுவானவர்.

இவ்வொப்புமைகளுக்கிடையே கற்போர் இடறக்கூடிய இடங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, சொல்லிணை. ‘கிட்கிட்டே’யைச் ‘சிடுமூஞ்சி’க்கு நேராகக் கொள்வது எளிது, ஆனால் பொருந்தாது. வங்காளத்தில் ஒருவரின் அன்றைய மனநிலையையும் ‘கிட்கிட்டே’ எனலாம். தமிழில் *இன்று அவருடைய மனநிலை சிடுமூஞ்சி எனல் ஆகாது. ‘கிட்கிட்டே’க்கு நேரானது ‘சிடுசிடுப்பான’ என்னும் பெயரடையே. மாறாக, ‘கோம்டாமுகோ’ அமைப்பால் சிடுமூஞ்சியை ஒத்திருப்பினும் பொருளால் உம்மணாமூஞ்சிக்கே நெருக்கமானது.

இரண்டாவது, பாலும் மனநிலையும் வெளிப்படும் இடம். வங்காள வினைமுற்று ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டாது. மரியாதை வேறுபாட்டைக் காட்டும். ‘எலோ’ என்பது வந்தான், வந்தாள் ஆகிய இரண்டிற்கும் பொது. ‘எலேன்’ என்பது வந்தார். பேசுவோரின் மனநிலையைப் பெயரின் இறுதியில் வரும் ஒட்டுகள் காட்டுவதுண்டு. ‘லோக்டா’ என்றால் அந்த ஆள் என்னும் எளிமையோ இளக்காரமோ தோன்றும். ‘லோக்டி’ என்றால் கனிவு தோன்றும். தமிழ் இதே வேலையை ‘வந்தது’ என்னும் வினையின் இறுதியில் செய்கிறது. பெயரின் இறுதியில் மனநிலையைத் தேடிப் பழகியவர், வினையின் இறுதியில் அதனை வைக்கத் தமிழில் பழக வேண்டும்.

மூன்றாவது, முகத்தைப் பற்றிய மரபுத்தொடர்கள். மனக்குறை கொண்டவரின் முகத்தை வங்காளம் ‘முக் பார்’ என்னும். அதாவது முகம் கனத்துள்ளது. முகத்தைப் பானையாக்குதல் என்னும் தொடரும் அம்மொழியில் உண்டு. தமிழிலோ அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். ஒன்றில் முகம் கனக்கிறது; மற்றொன்றில் முகம் உயர்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டும் சிதையும்.

6. சூழலில் சொல்

மேற்கூறியவை ஒருங்கே புலப்படும் ஓர் உரையாடலை அமைத்துக் காட்டலாம். லேக் மார்க்கெட்டுக்கு அருகில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றில் பேரன் பந்து விளையாடும் ஓசையைப் பொறாமல் தாத்தா அதட்டுகிறார். பேரன் உள்ளே சென்று பாட்டியிடம் கூறுகிறான்.

பேரன்: பாட்டி, தாத்தா ஒரு சிடுமூஞ்சி!
பாட்டி: தாத்தாவை அப்படிச் சொல்லக்கூடாதுடா. ராத்திரி முழுக்க இருமல், தூக்கமே இல்லை. அதுதான் சிடுசிடுக்கிறார்.

பாட்டியின் மறுமொழி நெறிமுறை கூறும் பேச்சாக மட்டும் நிற்கவில்லை; அது இலக்கணத் திருத்தமுமாகும். பேரன் கூறிய பெயரை அவர் வினையாக மாற்றினார். காலத்தைச் சேர்த்தார், காரணத்தைச் சேர்த்தார், ‘ஆர்’ ஈற்றால் மரியாதையையும் மீட்டுத்தந்தார். தாத்தா அதட்டியதை அவர் மறுக்கவில்லை. அதட்டியதை அந்த இரவோடு கட்டிவைத்தார்.

இத்திருத்தத்தைச் செய்யும் பாட்டி வீட்டில் இருக்கும்வரை குழந்தை அதனைத் தானே கற்றுக்கொள்ளும். பேரனும் பாட்டியும் வெவ்வேறு நகரங்களில் வாழ்ந்து, தொலைபேசி வழியே மட்டும் உரையாடும் நிலையில் வசைப்பெயர் எஞ்சும். அதனைத் திருத்தும் வினை எஞ்சும் என்பதற்கு உறுதியில்லை. பெயர்ச்சொற்களைப் பட்டியலாகக் கற்பிப்பது எளிது என்பதால் மொழி வகுப்புகளிலும் பெயரே முந்துகிறது. பெயரை மட்டும் கற்ற குழந்தைக்கு ஒருவரை முத்திரையிடத் தெரியும். அவர் இன்று ஏன் இவ்வாறு இருக்கிறார் என்று சொல்லத் தெரியாது.

7. அகராதியும் கற்பித்தலும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) பேச்சு வழக்குச் சொற்களுக்கும் இடமளித்த பெருந்தொகுப்பாகும். எனினும் அதன் மேற்கோள்கள் பெரும்பாலும் இலக்கியங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. வீட்டு வழக்குச் சொற்கள் தொடரில் இயங்கும் முறையைக் காட்டுவது அதன் நோக்கமன்று. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களோடும் வழக்குக் குறிப்புகளோடும் சொற்பொருளைத் தந்து அடுத்த நிலைக்கு வழிவகுத்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குழந்தைகளுக்கான பாடநூல்களும் சிறு அகராதிகளும் இம்முறையைப் பின்பற்றுவது நலம்.

அவற்றில் இத்தகைய சொற்களைக் கையாளப் பின்வரும் முறையைப் பரிந்துரைக்கலாம்.

அ) வினையை முதலிலும் ஆட்பெயரைப் பின்னரும் கற்பித்தல். ‘சிடுசிடுக்கிறார்’, ‘எரிந்து விழுந்தார்’ ஆகியவற்றைக் காலமும் காரணமும் சேர்ந்த முழுத்தொடர்களாகத் தருதல்.

ஆ) ஆட்பெயரைத் தரும்போது யார் யாரைக் கூறலாம் என்னும் குறிப்பைச் சேர்த்தல். ‘ஒத்தவரிடையே கேலி, மூத்தோரைக் குறித்து வழங்கலாகாது’ என்னும் ஒரு வரி போதும்.

இ) ஆன், ஆள், அது, ஆர் என முடியும் நான்கு வினைமுற்றுகளோடும் அதே பெயரை அமைத்து, மனநிலை மாறுவதை உணர்த்துதல்.

ஈ) வங்காளச் சொல்லை இணையாகக் காட்டும்போது அமைப்பொற்றுமையையும் பொருளொற்றுமையையும் வேறு பிரித்துக் காட்டுதல்.

8. முடிவுரை

‘சிடுமூஞ்சி’ என்பது இரட்டைக்கிளவியின் ஒரு பாதியும் இகழ்ச்சி குறித்த உறுப்புப் பெயரும் சேர்ந்தமைந்த அன்மொழித்தொகை. அது பால் விகுதியும் மரியாதை விகுதியும் ஏற்பதில்லை. காலம், காரணம், இலக்கு ஆகியவற்றையும் நேரடியாக ஏற்பதில்லை. அதன் உறவு வினையாகிய ‘சிடுசிடு’ இவை அனைத்தையும் ஏற்கிறது. எனவே ஒன்றை அறிந்து மற்றொன்றை அறியாமை, இச்சொற்புலத்தில் பாதியை மட்டும் அறிவதாகும். இப்பாதிகளுள் தமிழ் வீட்டுக்கு வெளியே எளிதில் செல்வது பெயர். வீட்டு உரையாடலால் மட்டுமே நிலைபெறுவது வினை. லேக் மார்க்கெட் போன்ற இடங்களில் தமிழ் கற்பிப்போர் முதலில் பேண வேண்டியது வினையையே.